சொன்ன பேச்சு கேட்கும் வண்டி

சாவி ஜெயசீலனின் சட்டைப் பையில் இருந்தது. வண்டி தகரக் கொட்டகையில் ஸ்டாண்டு போட்டு நின்றது. ஆனால் அவன் கையிலிருந்த செல்போனில் அந்த வண்டி நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

எஞ்சினைத் தொட்டுப் பார்த்தான். ஜில்லென்றிருந்தது. போனைப் பார்த்தான். எஞ்சின் கொதிக்கிறது என்றது போன். முள் நாற்பதைக் கொஞ்சம் தாண்டி, ஏதோ வளைவில் திரும்புகிறவன் நிதானிப்பதுபோல முப்பதுக்கு இறங்கி, மறுபடி ஏறியது.

"உஷா, இங்க கொஞ்சம் வாயேன்."

உஷாராணி தையல் மெஷினை விட்டு எழுந்து வந்தாள். தோளில் ஒரு பாதி ஜாக்கெட் தொங்கியது.

"இன்னாங்க?"

"வண்டி நிக்குதா, ஓடுதா?"

அவள் வண்டியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். "காலையிலயேவா?"

"வேணும்னா வாயை மோந்து பாரு. ஒண்ணும் குடிக்கல. இதைப் பாரு."

இருவரும் சேர்ந்து முள்ளைப் பார்த்தார்கள். தகரத்தின் மேல் தூறல் விழுந்துகொண்டிருந்தது. முள் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. உஷாராணி மூச்சை விட்டாள். உடனே அது மெல்ல ஏறத் தொடங்கியது.

பின்னால் வந்து எட்டிப் பார்த்த அம்மா தனக்கொடி கேட்டாள்: "இன்னாடா அது, கடியாரமா?"

"வேகம்மா. அப்பா வண்டியோட வேகம்."

"எவ்ளோ காட்டுது?"

"நாப்பது."

தனக்கொடி முந்தானையில் கையைத் துடைத்தாள். ஏற்கெனவே காய்ந்திருந்த கையைத்தான் துடைத்தாள்.

"உங்க அப்பா எந்தக் காலத்துல நாப்பதைத் தாண்டிப் போனாரு?" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

அது கல்லறைத் திருநாள் கழிந்த வாரம். ஜெயசீலனின் அப்பா அந்தோணிசாமி போன தவக்காலத்தில் இறந்திருந்தார். பஞ்சாலை மூடிய பிறகு பால் வண்டி ஓட்டியவர். கடைசிக் காலத்தில் ஆசையாக வாங்கியது இந்த பைக். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர் என்று மங்கலம் ஊர் முழுக்கப் பேர். ஒருமுறை ஒரே சாயங்காலத்தில் இரண்டு ஊர்த் தேர்பவனிக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, இந்த ஊரில் முன் தெரு வரைக்கும் தேர் தூக்கி, நடுவில் கழன்று, அந்த ஊரில் பின் தெருவிலிருந்து தூக்கினார். மனைவி மீன் குழம்பு வைக்கணும் என்றால் மீன் வாங்கி வருவார். மகள் மீன் வேண்டாம் என்றால் அதற்கும் சரி என்று தலையாட்டிவிட்டு முட்டையும் வாங்கி வருவார்.

அவர் போன பிறகு வண்டி கொட்டகையிலேயே நின்றது. ஜெயசீலனின் சொந்த ஸ்கூட்டர் படுத்துக்கொண்ட பிறகுதான் அதை எடுத்தான். மேட்டுப்பாளையத்தில் ஒரு டப்பா கம்பெனியில் அவனுக்கு வேலை. வில்லியனூர் தாண்டி, ஆரியப்பாளையம் பாலம் ஏறி, மூலக்குளம் வழியாகப் போக வேண்டும். பாலத்து ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கியது.

"இப்போல்லாம் கார்புரேட்டர் திருகற வேலை கெடையாது. சீட்டுக்கு அடியில ஒரு பொட்டி இருக்கும், ஈசியூன்னு. அதான் மூளை. போன் வழியா அதாண்ட பேசணும். வூட்டுலயே பண்ணிடலாம்" என்றான் கூட வேலை செய்யும் கலைவேந்தன்.

வில்லியனூர் கடைத்தெருவில் மன்சூரின் செல்போன் கடையில் தீப்பெட்டி அளவில் ஒரு சாதனம் கிடைத்தது. சீட்டைக் கழற்றி, பெட்டியிலிருந்து வரும் ஒயரின் வாயில் அதைச் சொருகிவிட்டால் புளூடூத்தில் போனோடு சேர்ந்துகொள்ளும். ஜெயசீலனின் போனில் இடமில்லை. அதனால் அப்பாவின் பழைய போனிலேயே மன்சூர் ஆப்பை ஏற்றிக் கொடுத்தான். அன்றைக்குக் கடையில் கூட்டம். "அவ்ளோதாண்ணா, எடுத்துக்கினு போங்க" என்று அனுப்பிவிட்டான்.

ஆப் படிக்காதவர்களுக்கும் புரிகிற மாதிரி படம் போட்டு இருந்தது. மூன்று கோடுகள், ஒவ்வொன்றிலும் தள்ளுவதற்கு ஒரு பொத்தான். முதல் கோட்டின் ஒரு முனையில் ஆமை, மறுமுனையில் முயல். அது வேகம். இரண்டாவதில் காது. அது சத்தம். மூன்றாவதில் தடுத்து நிறுத்தும் உள்ளங்கை. நிற்கும்போது எஞ்சின் தானாக அணைவதற்கு.

ஜெயசீலன் அந்த முள்ளைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்று முடிவு செய்து, பொத்தானை முயலின் வாலில் இடிக்கிறவரை தள்ளினான். போனை டிவிக்குப் பக்கத்தில் வைத்தான்.

மறுநாள் வண்டி பாலத்தை ஏறவில்லை, தாவியது. பாலத்தின் உச்சியில் அவன் வயிறு ஒரு கணம் பின்னால் தங்கிவிட்டு அப்புறம் வந்து சேர்ந்தது.

"மூளையைப் புடிச்சிட்டேன்டா" என்று கலைவேந்தனிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான்.

அதற்கு அடுத்த நாள், வில்லியனூர் தாண்டியதும் எவ்வளவு முறுக்கியும் வண்டி நாற்பதுக்கு மேல் போகவில்லை. இழுவை இல்லாமல் திணறவும் இல்லை. நிதானமாக, மரியாதையாக, ஓரமாகப் போயிற்று. பின்னால் ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி ஹாரன் அடித்தது. இரண்டு பக்கமும் தேங்காய் மூட்டை, நடுவில் ஒரு பெரியவர். முந்திப் போகும்போது அவர் திரும்பி ஜெயசீலனை ஆறுதலாகப் பார்த்தார்.

"ஏன் லேட்டு?" என்றார் சூப்பர்வைசர் சாமிநாதன்.

"வண்டி நாப்பதுக்கு மேல போவ மாட்டேங்குது சார்."

"அப்போ நாப்பதுல வர்ற மாதிரி கெளம்பு."

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்துப் பார்த்தான். பொத்தான் ஆமையின் மேல் உட்கார்ந்திருந்தது.

"யாராவது இதைத் தொட்டீங்களா?"

"எனக்கு அதெல்லாம் இன்னா தெரியும்?" என்றாள் உஷாராணி. தங்கை மஞ்சுளா தலை சீவிக்கொண்டே இல்லை என்று சீப்பை ஆட்டினாள். தனக்கொடி அந்த நேரத்தில் வழக்கமில்லாமல் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள்.

உஷாராணிக்கு மட்டும் முகம் வெளுத்தது. "நாப்பதாங்க? சரியா நாப்பதா?" என்று இரண்டு முறை கேட்டாள். "மாமா கணக்கு அது" என்றாள்.

ஜெயசீலன் பொத்தானை முயலுக்குத் தள்ளினான். மறுநாளும் நாற்பதுதான். அதற்கு மறுநாளும். ஒவ்வொரு சாயங்காலமும் பொத்தான் ஆமைக்கு வந்திருந்தது.

பிறகு நிற்பது ஆரம்பமானது.

மஞ்சுளா மூலக்குளத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். வேலை விட்டு வரும் வழியில் ஜெயசீலன்தான் அவளை ஏற்றிக்கொண்டு வருவான். அன்று கடை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், மூடிக் கிடந்த ஒரு டீக்கடைக்கு எதிரே, எஞ்சின் அணைந்தது. செல்ப் எடுக்கவில்லை. உதைத்துப் பார்க்க அந்த வண்டியில் கிக்கரும் இல்லை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ரோட்டில் அத்தனை வண்டிகளும் விளக்கைப் போட்டுக்கொண்டு அவனைச் சுற்றிப் போயின. மங்கலம் வழி போகும் பஸ் வந்து கடை வாசலில் நின்றது. மஞ்சுளா அதில் ஏறினாள். பஸ் புறப்பட்டு வளைவில் மறைந்தது.

வண்டி ஸ்டார்ட் ஆனது.

அப்போது ஜெயசீலன் வண்டியைத் தொட்டுக்கொண்டுகூட இல்லை. இரண்டு கையையும் இடுப்பில் வைத்து நின்றுகொண்டிருந்தான்.

அவன் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தான். வண்டி அமைதியாக உறுமிக்கொண்டு, 'போலாமா?' என்பதுபோல நின்றது. கொஞ்ச நேரம் யாராவது வருகிறார்களா என்று பார்த்தான். யாரும் வரவில்லை. வேறு வழியில்லாமல் ஏறி உட்கார்ந்தான். பின் சீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கத் தோன்றியது. பார்க்கவில்லை.

அடுத்த நாளும் அதே டீக்கடை, அதே பஸ், அதே உறுமல்.

வீட்டில் சொன்னபோது தனக்கொடி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். "அந்த டீக்கடையாண்டதான்டா உங்க அப்பா பால் வண்டியை நிறுத்துவாரு. ஒரு டீயைக் குடிச்சிட்டுத்தான் பாலம் ஏறுவாரு."

"மூடின கடையிலயாம்மா டீ குடிக்கிறாரு?"

"அவருக்குத் தெறந்திருக்குமோ இன்னாவோ" என்றாள் தனக்கொடி.

உஷாராணி தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆனால் ஊரைக் கலக்கியது மூன்றாவதாக நடந்ததுதான். நல்ல தூறல். ஜெயசீலன் அப்பாவின் பழைய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு தன் தெருவுக்குள் திரும்பினான். திரும்பியதும் எஞ்சின் சத்தம் நின்றது. அணைந்துவிட்டது என்று நினைத்தான். அணையவில்லை. சீட்டு அதிர்ந்துகொண்டிருந்தது, சக்கரம் உருண்டது, முறுக்கினால் வேகம் ஏறியது. சத்தம் மட்டும் இல்லை. தவளைகள் கத்துவது கேட்டது. ஏதோ ஒரு வீட்டில் பருப்பு தாளிப்பது கேட்டது. தன் கோட்டில் தூறல் விழுவதுகூடத் தனித்தனியாகக் கேட்டது.

முன்னால் பக்கத்து வீட்டுக் காசம்மாள் குடத்தோடு போய்க்கொண்டிருந்தாள். அவள் ஆடு முதலில் திரும்பிப் பார்த்தது. பார்த்துவிட்டு எதிர் வீட்டுக்குள் ஓடியது. பிறகு காசம்மாள் திரும்பினாள். அந்த வண்டி, அந்தக் கோட்டு, சத்தமில்லாமல்.

"அந்தோணிசாமீ!" என்றாள். குடத்தைப் போட்டாள். "நான் உன் ஏணியைத் திருப்பிக் குடுத்திடறேன்பா!"

"சித்தி, நான் ஜெயசீலன்."

காசம்மாள் அதைக் காதில் வாங்கவில்லை. வீட்டுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். மறுநாள் காய்ச்சல் என்று படுத்தாள். ஏணி மட்டும் விடிவதற்குள் கொட்டகை வாசலில் வந்து சாய்ந்திருந்தது.

"அவரு வூட்டாண்ட வரும்போது எஞ்சினை நிறுத்திட்டு உருட்டிக்கினுதான் வருவாரு. நான் கண் அசந்திருப்பேன்னு" என்றாள் தனக்கொடி. அவள் குரலில் பயம் பாதிதான். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஒரு டம்ளர் காப்பி கொட்டகைக்குள் போய், ஆறிப்போய், திரும்பி வந்தது.

ஜெயசீலன் சனிக்கிழமை வண்டியை வில்லியனூர் மாதா கோயிலுக்குக் கொண்டுபோனான். நாற்பதில்தான். சாமியார் நடந்ததை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"ஆவியும் இல்ல ஒண்ணும் இல்ல. வண்டியை சர்வீஸுக்கு விடு."

"மந்திரிச்சிட்டு விடறேன் சாமி."

சாமியார் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். ஹெட்லைட்டில் கொஞ்சம் கூடுதலாகவே தெளித்தார். வண்டி மிகவும் பணிவாக நனைந்தது.

திரும்பும்போது அது நாற்பதுக்கு மேல் போகவில்லை. சத்தம் போடவில்லை. நின்ற இடத்திலெல்லாம் அணைந்தது. அதுவரை தனித்தனியாக வந்தவை மந்திரித்த பிறகு ஒன்றாக வந்தன. வில்லியனூர் ரயில்வே கேட்டில் கேட் திறந்த பிறகும் வண்டி கிளம்பாமல், பின்னால் ஒரு பஸ், இரண்டு லாரி, ஒரு கல்யாண வேன் எல்லாம் ஹாரன் அடிக்க, ஜெயசீலன் ஹெல்மெட்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். திங்கட்கிழமையும் தாமதமானால் வரவே வேண்டாம் என்று சாமிநாதன் சொல்லியிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னான்:

"நாளைக்குப் பூசை முடிஞ்சதும் கண்டமங்கலத்துலேந்து ஆளு வர்றான். வண்டியைத் தள்ளி வுட்டுடப் போறேன்."



"விக்காதடா" என்றாள் தனக்கொடி.

"அம்மா, என் வேலை போயிடும்."

"விக்காதடா. அது அவரு வண்டி." அவள் அழத் தொடங்கினாள். அழுதுகொண்டே, "ஆமையாண்ட தள்ளினது நான்தான்" என்றாள்.

ஜெயசீலன் ஹெல்மெட்டைக் கழற்றினான். "இன்னா சொன்ன?"

"நீ அன்னிக்கு வில்லியனூர்ல பறந்துக்கினு போனியே, நான் மார்க்கெட்டாண்ட நின்னு பார்த்தேன். என் ஈரக்கொலை அறுந்துபோச்சு. நீ காலையில குளிக்கப் போறப்போ அந்தப் பொத்தானைப் புடிச்சி ஆமை மேல வுட்டுடுவேன். தெனம் அதான்." மூக்கைச் சிந்தினாள். "ஆனா சத்தம் நின்னுச்சே, அது நான் இல்லடா. சத்தியமா அது உங்க அப்பாதான்."

உஷாராணி லேசாகச் செருமினாள்.

"அத்தை, அது நானு."

"நீயா!"

"இவரு தெருமுனையில திரும்பினாலே புள்ள எழுந்துக்குது. அது தூங்கினாத்தான் எனக்கு ஜாக்கெட்டு முடியும். காதுப் படம் இருந்துச்சா, சும்மா கொறைச்சு வெச்சுப் பார்த்தேன். அவ்ளோதான்." அவள் ஜெயசீலன் பக்கம் திரும்பினாள். "நான் நாப்பதுன்னதும் மாமாதான்னு நெனைச்சி ஒரு வாரமா தூங்கலைங்க. அந்தப் பாவம் அத்தைதானா?"

"உன் சத்தத்துக்கு நான் காப்பி வெச்சேன்டி!" என்றாள் தனக்கொடி.

ஜெயசீலன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். சிரிப்பா அழுகையா என்று அவனுக்கே தெரியவில்லை. "சரி, மூலக்குளத்துல நிக்கறது? அதையும் யாராவது சொல்லிடுங்க."

மூவரும் மெல்ல மஞ்சுளாவைப் பார்த்தார்கள். அவள் சுவரில் மாட்டியிருந்த மாதா காலண்டரை முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மஞ்சு."

"அந்தக் கைப்படம்... நான்தாண்ணா."

"எதுக்குடி?"

"பஸ்ல வரணும்னுதான்."

"பஸ்ஸுல இன்னா இருக்குது?"

மஞ்சுளா காலண்டரிடம் சொன்னாள்: "பாக்யராஜ்."

"யாரு அது?"

"கண்டக்டரு."

தனக்கொடி அழுகையை அப்படியே நிறுத்தினாள். "டிக்கெட்டு எடுக்கிறியா?"

"எடுக்கிறேன்மா."

"எந்தூரு?"

"நெட்டப்பாக்கம்."

"நம்ம வேதக்காரனா?"

"ஆமாம்மா. பூசைக்கெல்லாம் தவறாம போவாரு."

தனக்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வர்ற ஞாயித்துக்கிழமை வூட்டுக்கு வரச் சொல்லு. இவன் வண்டியை நிறுத்தி நிறுத்திப் பாக்கிற காதலு எனக்கு வேணாம்."

அதற்குப் பிறகு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. குழந்தை எழுந்து அழுதது. அதற்கும் சிரித்தார்கள். ஒரு வாரமாக அந்த வீட்டின் மேல் உட்கார்ந்திருந்த கனம் ஒரே மூச்சில் எழுந்து போனது. கண்டமங்கலத்துக்காரனுக்கு ஜெயசீலன் போன் செய்து வர வேண்டாம் என்றான்.

தனக்கொடி மட்டும் ஆறிப்போன காப்பி டம்ளரை எடுத்துக் கழுவப் போகும்போது, யாரிடமும் இல்லாமல், "அப்போ அவரு வரல" என்றாள்.

ஜெயசீலனுக்கு அது கேட்டது. போனை எடுத்து நடுவில் வைத்தான்.

"வாங்க. எல்லாரும் ஒக்காருங்க. ஒரே தபாவுல முடிவு பண்ணிடுவோம்."

வேகத்தில் பேரம் நடந்தது. தனக்கொடி நாற்பத்தைந்து என்றாள். அவன் எழுபது என்றான். ஐம்பத்தைந்தில் நின்றது. "பாலம் ஏறும்போது மட்டும் வேணும்னா போய்க்கோ" என்று தனக்கொடி பெரிய மனது செய்தாள். சத்தம் ரோட்டில் இருக்கட்டும், தெருவுக்குள் வந்ததும் குறையட்டும் என்றாள் உஷாராணி. மஞ்சுளா, சனிக்கிழமை மட்டும் டீக்கடையாண்ட நிற்கட்டும் என்றாள்.

"இது பொத்தானுடி, அலாவுதீன் விளக்கு இல்ல. தெரு, பாலம், சனிக்கிழமையெல்லாம் இதுக்கு எங்க தெரியும்?" என்றான் ஜெயசீலன். மூன்று பொத்தான்களையும் நடுவில் வைத்தான்.

திங்கட்கிழமை வண்டி ஐம்பத்தைந்தில் போயிற்று. ஆரியப்பாளையம் பாலத்தில் தானாகக் கொஞ்சம் வேகம் எடுத்து, இறக்கத்தில் பழையபடி ஐம்பத்தைந்துக்கு வந்தது. சாமிநாதன் கதவைத் திறப்பதற்கு முன்னாலேயே ஜெயசீலன் கம்பெனி வாசலில் நின்றான். சாயங்காலம் ரோடு முழுக்க உறுமிக்கொண்டு வந்த வண்டி, தெருமுனையில் திரும்பியதும் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைகிறவரைப்போலச் சத்தத்தை அடக்கிக்கொண்டது. குழந்தை எழவில்லை. காசம்மாளின் ஆடு மட்டும் எழுந்து நின்று, வழி விட்டது.

"இன்னா ஆப்புடா!" என்றான் ஜெயசீலன். "நாம பேசறதையெல்லாம் கேக்குது போல."

சனிக்கிழமை சாயங்காலம் மூடிய டீக்கடைக்கு எதிரே வண்டி நின்றது. அவன் அலட்டிக்கொள்ளவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸில் படிக்கட்டோரமாக நின்று விசில் ஊதிய பாக்யராஜை நன்றாக ஒருமுறை பார்த்துவைத்தான். பையன் மோசமில்லை. பஸ் போனதும் வண்டி கிளம்பியது. அவனும் கிளம்பினான்.

போகிற வழியில் வில்லியனூரில் மன்சூரின் கடை முன் நிறுத்தினான். மன்சூர் இல்லை. அவன் தங்கை அஃப்ரின் ஒரு போனின் வயிற்றைத் திறந்து வைத்து ஊசி முனையால் எதையோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணா. வண்டி எப்படிப் போவுது?"

"சொன்ன பேச்சு கேக்குதும்மா. சொல்லாததையும் கேக்குது. அண்ணன் குடுத்தது நல்ல சாமான். எங்க கம்பெனியில கலைவேந்தன்னு ஒருத்தன், அவனுக்கும் ஒண்ணு வேணும்." அப்பாவின் போனை எடுத்து நீட்டினான். "இப்போ இன்னான்னா, வூட்டுல ஆளாளுக்குத் தொட்டுடறாங்க. இனிமே யாரும் மாத்த முடியாத மாதிரி இதுக்கு ஒரு பூட்டுப் போட்டுக் குடு."

அஃப்ரின் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். ஆப்பைத் திறந்தாள். திரையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள். கடைக்கு வெளியே நின்ற வண்டியை எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி திரையைப் பார்த்தாள்.

"பூட்டுப் போட இதுல இன்னா இருக்குதுண்ணா? நீங்க இன்னும் அந்தச் சாமானோட கோடு நம்பரே போடல, வாங்கின நாள்லேந்து இது சும்மா டெமோ படமாத்தான் ஓடிக்கினு இருக்குது. உங்க வண்டியாண்ட இது ஒரு வார்த்தை கூடப் பேசினதில்ல."